விசில் அடிக்காத குக்கரும் யாரும் படிக்காத கடைசிப் பக்கமும்

ஆறு லிட்டர், 1,000 வாட், மின்சாரத்தில் ஓடும் பிரஷர் குக்கர். வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. 1,799 ரேண்ட் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இதே பானை, இதே மூடி, இதே பொத்தான்கள். மூன்று நான்கு பெயர்களில் இங்கே தென்னாப்பிரிக்காவில் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்டிக்கர்தான் வேறு. ஆகவே நான் சொல்வது இந்த ரகக் குக்கர் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

நாங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கெம்ப்டன் பார்க்கில். ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் பக்கம்தான். எனக்கு வேலையும் அங்கேதான், விமானப் பராமரிப்பு. ஒரு நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு கால் சுற்று சுற்றினால் என்ன என்று கை கேட்கும். கை சொல்வதைக் கேட்டால் வேலை போய்விடும், வேலை போவது கூடப் பெரிதில்லை. புத்தகத்தில் தெளிவில்லை என்றால் எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை விமானம் நிற்கும். பத்தொன்பது வருஷமாக இப்படியே பழகிவிட்டேன்.

என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். புளி என்றால் எலுமிச்சம்பழ அளவு, உப்பு என்றால் ஒரு கை, எண்ணெய் என்றால் 'கொஞ்சம் தாராளமா'. அவளிடம் எத்தனை கிராம் என்று கேட்டால் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போலப் பார்ப்பாள். அந்தச் சாம்பார் பத்தொன்பது வருஷமாக ஒருநாள்கூடத் தப்பியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022, 2023 இரண்டு வருஷமும் லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டில் நாங்கள் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டரும் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அலுமினியக் குக்கரும்தான் சோறு போட்டன. 2024 மார்ச் கடைசியில் அது நின்று, மாதக்கணக்கில் வராமலே இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் இதை வாங்கினேன். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை: நம் ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் வைக்கும் அந்தத் தடித்த மூன்று குண்டுக் கால் பிளக்தான் இங்கே பெரும்பாலானவற்றுக்கும். குக்கர் அந்த பிளக்கோடுதான் வந்தது, அடாப்டர் தேட வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் வந்த முதல் கேள்வி: "ஏங்க, இதுல விசில் எங்க?"

விசில் கிடையாது. இது சாதாரண விஷயமில்லை. நம் வீடுகளில் சமையல் நேரத்தை நிமிஷத்தில் யார் சொல்கிறார்கள்? துவரம்பருப்பு நாலு விசில், உருளைக்கிழங்கு மூணு, கொண்டைக்கடலை ஏழெட்டு. அம்மா எழுதிக்கொடுத்த நோட்டிலும் அப்படித்தான். அடுப்பைப் பெரிதாக வைத்தால் நாலு விசில் ஆறு நிமிஷத்தில் வந்துவிடும், சிம்மில் வைத்தால் இருபது நிமிஷம் ஆகும். குக்கரில் எவ்வளவு போட்டிருக்கிறது, கேஸ்கட் புதிதா பழையதா, எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆனாலும் நாலு விசில் என்றால் எல்லாருக்கும் புரிகிறது, பருப்பும் வெந்துவிடுகிறது. அடுப்பங்கரையில் இருப்பவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தீயைக் கூட்டுகிறார், குறைக்கிறார். பாதி அளவு சத்தத்தில், மீதி அவர் கையில்.

இந்த மெஷினில் அந்த மீதிக்கு இடமில்லை. பொத்தானை அழுத்தினால் எண் வரும், பீப் என்று ஒரு சத்தம், அப்புறம் முடிகிறவரை மௌனம். மூடியில் ஒரு சின்ன உலோக முள் இருக்கிறது. உள்ளே ஆவி ஏறியதும் அது மேலே எழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும், ஆவி அடங்கியதும் கீழே விழும். தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. முதல் ஒரு வாரம் என் மனைவி குக்கர் பக்கத்திலேயே நின்று அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூளியில் தூங்குகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

பொத்தான்களில் ஒன்றின் மேல் 'பீன்ஸ்/சில்லி' என்று போட்டிருந்தது. பீன்ஸோடு மிளகாயைச் சேர்த்தே போட வேண்டும் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது அமெரிக்கர்கள் பீன்ஸும் இறைச்சியும் போட்டுச் செய்கிற ஒரு குழம்பின் பெயர் என்று எனக்கே பிறகுதான் தெரியும். மிளகாய் சேர்த்ததால் குற்றமொன்றுமில்லை.

குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

இங்கே ஷுகர் பீன்ஸ் என்று ஒன்று உண்டு. வெளிர் நிறத்தில் செம்புள்ளி போட்ட பீன்ஸ். தென்னாப்பிரிக்கத் தமிழர் வீடுகளில் புரட்டாசி முழுக்க இதுதான் கறி. புரட்டாசியில் கறி மீன் தொடாத வீடுகள் இங்கே நம் ஊரைவிட அதிகம் என்பேன். கையேட்டில் காய்ந்த பீன்ஸுக்கு 'ஊறவைக்கத் தேவையில்லை, 30 நிமிடம்' என்று அட்டவணை போட்டிருந்தார்கள். நான் அப்படியே செய்தேன். கோப்பையில் அளந்தேன், தண்ணீரை அளந்தேன், 30 அழுத்தினேன். முள் விழுந்ததும் திறந்து ஒன்றை எடுத்து நசுக்கினேன். தோல் உரிந்து வந்தது. ஓரம் மாவாக இருந்தது, நடுவில் ஒரு கடலைப்பருப்பு அளவுக்கு வெள்ளையாக, கடுக்கென்று நின்றது. மறுபடி 30. இந்தத் தடவை பாதி கரைந்து கூழாகிவிட்டது.

மெஷின் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். ரசீதைத் தேடிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு ஆன்ட்டி வந்தார்.

ஆன்ட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. 1860-இல் முதல் கப்பல் வந்ததிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்தார்கள் அல்லவா, அப்படி மதராஸிலிருந்து வந்த குடும்பம். பிறந்தது நேட்டாலின் டர்பனில், வளர்ந்தது அதை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கல்யாணமாகி வந்தது ஜோகன்னஸ்பர்க் பக்கம் பெனோனியில் இருக்கும் ஆக்டன்வில்லுக்கு. தமிழில் சாமி பாட்டெல்லாம் மனப்பாடம், பேச்சு மட்டும் ஆங்கிலம். அம்மா, தம்பி, கூழ், ரசம், 'ஐயோ' இவை மட்டும் தமிழில் வரும். பானைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு அவர் சொன்ன கதையைத் தமிழில் தருகிறேன்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அவர் முதலில் வைத்தது பீன்ஸ் கறிதானாம். டர்பனில் அவர் அம்மா எவ்வளவு நேரம் வைப்பாரோ அவ்வளவு நேரம் வைத்தார். வேகவில்லை. அடுத்த நாளும் வேகவில்லை. பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டார். ஆறு மாதம் அழுதிருக்கிறார். பிறகு டர்பனிலிருந்து அவர் அம்மாவே பார்க்க வந்து, இதே அடுப்பில் இதே பீன்ஸைப் போட, அவருக்கும் வேகவில்லை. அன்றைக்குத்தான் மாமியாரின் வாய் அடைத்ததாம். "மேலே வந்தா எல்லாம் லேட்டாகும் தம்பி" என்றார். கடலோர டர்பன் கீழே, ஜோகன்னஸ்பர்க் மேலே. அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அன்றிலிருந்து எந்தப் பருப்பானாலும் அம்மா சொன்ன நேரத்தோடு இன்னும் கொஞ்சம்.

எனக்குச் சுரீரென்றது. ஓ.ஆர். டாம்போ கடல் மட்டத்திலிருந்து 5,558 அடி, அதாவது 1,694 மீட்டர். இந்த எண்ணை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே காற்று மெலிசு. இறக்கைக்கு ஏந்தக் காற்று போதாது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால்தான் இங்கே ஓடுபாதை ஒன்று நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தினமும் இந்த மெலிந்த காற்றுக்காகக் கணக்குப் பார்க்கிறவன், வீட்டுக்கு வந்ததும் அந்தக் காற்றையே மறந்துவிட்டு 30 அழுத்தியிருக்கிறேன்.

கணக்கு இதுதான். டர்பனில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இங்கே 94, 95-லேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இருக்கிறதே, அதற்கென்ன என்று தோன்றும். ஆனால் குக்கர் தரும் அழுத்தம் வெளிக்காற்றின் மேல் ஏறி உட்காருவது. இந்த ரக மெஷின்கள் வெளிக்காற்றைவிடச் சுமார் 70 கிலோபாஸ்கல் அதிகம் தரும். கடலோரத்தில் அந்தக் கூட்டுத்தொகைக்கு உள்ளே 115 டிகிரி சூடு வரும். இங்கே வெளிக்காற்றே குறைவு என்பதால் 112-இல் நின்றுவிடும். மூன்று டிகிரிதானே என்று நினைக்கலாம். பீன்ஸ் அப்படி நினைப்பதில்லை.

ரசீதை மடித்து வைத்துவிட்டு நானே கணக்குப் போட்டு ஆறு நிமிஷம் கூட்டினேன். முள் தானாக விழும்வரை காத்திருந்து திறந்தேன். மலர்ந்திருந்தது, கரையவில்லை. 'பீன்ஸ் 36' என்று ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். புத்தகத்தை மீறி ஒரு காரியம் செய்து வெற்றி பெற்ற பெருமை எனக்கு. வாழ்க்கையில் முதல் தடவை என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெருமை நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் என் மனைவி சாப்பாட்டு மேஜையில் கையேட்டை விரித்துப் போட்டாள். கடைசிப் பக்கம். வாரண்டி விவரங்களுக்கும் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில்: 600 மீட்டர் உயரத்துக்கு மேல், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சமையல் நேரத்தை 5 சதவீதம் கூட்டவும். 1,694-இல் 600 போனால் 1,094. மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். 18 சதவீதம். முப்பது நிமிஷத்துக்கு ஐந்தரை நிமிஷம்.

"வேலையில எல்லாப் பக்கத்தையும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போடுவீங்க?" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

ஆகவே இந்தக் குக்கரின் கையேட்டுக்கு என் மதிப்பெண்: உள்ளடக்கம் நன்று, வைத்த இடம் படுமோசம். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா என்று மேட்டு நிலத்தில் இத்தனை பேர் சமைக்கிற ஒரு நாட்டில் விற்கிறார்கள். முதல் பக்கத்தில் போட வேண்டிய வரியைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த் பெண் ஒருத்தி ஆறு மாதம் அழுது கண்டுபிடித்ததை.

இதற்குப் பிறகு அந்தக் கையேட்டை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். சில வரிகள் பானையைப் பற்றியவை: கேஸ்கட், வால்வு, முள், உள்ளே போட்டிருக்கும் கோடு. அதை எழுதியவருக்கு அந்தப் பானை என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு சில வரிகள் என் சமையலறையைப் பற்றியவை: எத்தனை நிமிஷம், எவ்வளவு தண்ணீர், எந்த அரிசி. அவர் என் சமையலறையைப் பார்த்ததே இல்லை. என் பீன்ஸ் போன அறுவடையா, மூன்று வருஷம் கிடங்கில் கிடந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய பீன்ஸ் எத்தனை நிமிஷம் வைத்தாலும் முரண்டுபிடிக்கும்.

பானை விஷயத்தில் நான் ரெஞ்ச் பிடிக்கிறவன். உள்பாத்திரத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. எந்தச் சமையலானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. பருப்பு, பீன்ஸ், அரிசி போல ஊதுவதும் நுரைப்பதும் என்றால் பாதிக்கு மேல் போகக் கூடாது. "இன்னும் ஒரு டம்ளர் போட்டா நாளைக்கும் ஆகும்ல" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நுரை மேலே போய் வால்வை அடைத்தால் ஆவி போக வழி கிடையாது. முள் விழாமல் மூடியில் கை வைக்கக் கூடாது. முள்ளைக் கரண்டிக் காம்பால் அழுத்திவிட்டுத் திறக்கலாம் என்று எங்கோ வீடியோவில் பார்த்ததாக என் மைத்துனன் சொன்னான். அவனை அந்தப் பக்கமே விடுவதில்லை.

இது எனக்கு உறைத்தது 2025 பிப்ரவரியில். மின்வெட்டு ஒழிந்துவிட்டது என்று எல்லாரும் மறந்திருந்த நேரத்தில், ஒரு வார இறுதியில் திடீரென்று கடுமையான கட்டமான ஸ்டேஜ் 6 வரை போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆன்ட்டி குடும்பத்தோடு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். பீன்ஸ் வைத்து ஆவி ஏறி, 36-இல் 11 நிமிஷம் ஓடியிருந்தது. பட்டென்று எல்லாம் அணைந்தது. எண்கள் போய்விட்டன. குக்கர் கறுப்பாக, சத்தமில்லாமல், உள்ளே நூற்றுப் பத்து டிகிரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முள் மேலேயே நின்றது.

"ஆவியைத் திறந்து விட்டுட்டு கேஸ்ல மாத்திடலாமாங்க?" என்றாள் என் மனைவி. வால்வைத் திருப்பி ஆவியை உடனே வெளியேற்றுவது தப்பில்லை, கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் அடுத்த வரியிலேயே நுரைக்கிற பொருளுக்கு அதைச் செய்யாதே என்றும் இருக்கிறது. பீன்ஸ் தண்ணீர் சோப்புத் தண்ணீர் மாதிரி. திறந்தால் ஆவியோடு கொதிக்கிற கஞ்சி கூரை வரை அடிக்கும். இருட்டுச் சமையலறையில், எட்டுப் பேர் வருகிற நேரத்தில், எனக்கு அது வேண்டாம். காத்திருப்போம் என்றேன். முப்பத்தைந்து நிமிஷம். நாங்கள் இருவரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் 'டொக்' என்று விழுந்தது. அதற்குப் பிறகு அவள் ராஜ்ஜியம். ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள், "முக்கால் பதம்" என்றாள், ஊர்க் குக்கருக்கு மாற்றிக் கேஸில் வைத்தாள். எத்தனை விசில் என்று நான் கேட்டதற்கு, "வாசனை வரட்டும்" என்றாள். மூன்று விசிலில் இறக்கினாள். சரியாக இருந்தது. ஆன்ட்டி சோற்றை வொண்டர்பேக்கில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். பஞ்சு மெத்தை மாதிரிப் பை அது, கொதித்த பானையை உள்ளே வைத்தால் அடுப்பில்லாமலே வேகும். இந்த நாட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. மின்வெட்டுக் காலத்தில் எங்கள் தெருவில் பலர் அதை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

கையேடு சொல்வதையே நான் செய்ய மறுக்கும் இடமும் ஒன்று உண்டு. இந்த மெஷினில் 'ஸ்லோ குக்' என்று ஒரு பொத்தான். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் வெந்திருக்கும் என்று, பக்கத்தில் சிவப்பு பீன்ஸ் படம். ராஜ்மாவிலும் ஷுகர் பீன்ஸிலும், அந்தக் குடும்பம் முழுக்கவே, பைட்டோஹேமக்ளூட்டினின் என்ற நஞ்சு உண்டு. சிவப்பில் மிக அதிகம். பச்சையாக நாலைந்து பீன்ஸ் தின்றாலே வாந்தி, வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கின் மெதுசூட்டில் அழியாது, அரைவேக்காட்டில் பச்சையைவிட மோசமாகவும் ஆகலாம். படம் போட்டவர் எதை நினைத்துப் போட்டாரோ, டின் பீன்ஸாக இருக்கலாம். எங்கள் வீட்டில் பீன்ஸுக்கு அந்தப் பொத்தான் கிடையாது. பிரஷர்தான்.

மற்றபடி நிமிஷம், தண்ணீர், அரிசி எல்லாம் என் மனைவி கையில். கையேட்டில் அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்று தண்ணீர். அப்படி வைத்தால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும், பார்க்க அழகு, ரசம் ஊற்றிப் பிசைந்தால் ஒட்டவே ஒட்டாது. அவள் ஒன்றுக்கு இரண்டேகால் வைக்கிறாள், தயிர்சாதத்துக்கு மூன்று. எங்கள் ஹேங்கரில் கூட வேலை பார்க்கிற ஹோசா இன நண்பர் ஒருவர் சாம்ப்பும் பீன்ஸும் கொண்டுவருவார். சாம்ப் என்றால் உடைத்த வெள்ளை மக்காச்சோளம். ராத்திரி முழுக்க ஊறவைத்து மூன்று மணி நேரம் அடுப்பில் வைப்பார்களாம். என் மனைவி அதை ஊறவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, 40 நிமிஷம் வைத்து, மிளகு சீரகம் நெய்யில் தாளித்து வெண்பொங்கல் ஆக்கிவிட்டாள். கையேட்டில் சாம்ப்பும் இல்லை, பொங்கலும் இல்லை. நண்பர் இரண்டு தட்டு சாப்பிட்டார். பிரீபெய்டு மீட்டரில் பார்த்தேன், அரை யூனிட் கூட ஓடவில்லை.

இட்லி மாவுதான் இந்த மெஷினுக்கு நான் கொடுத்த விலையைத் திருப்பித் தந்தது. ஜூலை ராத்திரியில் இங்கே நாலு டிகிரி வரை இறங்கும். வீட்டில் ஹீட்டர் கிடையாது, மாவு மூன்று நாள் ஆனாலும் அசையாது. தயிர்ப் பொத்தானில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கி நிற்கிறது. முதல் தடவை பாத்திரம் முக்கால்வாசி ஊற்றி, பிரஷர் மூடியையும் பூட்டி வைத்துவிட்டாள். காலையில் மாவு மேலே ஏறி, முள்ளைச் சுற்றிக் காய்ந்து, மேலே தூக்கியபடியே ஒட்டிக்கொண்டது. முள் மேலே இருக்கிறது, உள்ளே அழுத்தமே இல்லை. முள் விழாமல் மூடியில் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் செய்தவன் நான். அடுப்பே ஏற்றாத, வெதுவெதுப்பான மாவுக்கு முன்னால் அரைமணி நேரம் யோசித்துவிட்டு, வெந்நீரை ஊற்றி ஊறவைத்து முள்ளை இறக்கினேன். இப்போது பாதிக்குமேல் ஊற்றுவதில்லை, மேலே ஒரு சாதாரணத் தட்டுதான் மூடி.

போன ஈஸ்டருக்கு டர்பன் போனோம். N3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கடற்கரைப் பக்கம் வாடகைக்கு ஒரு ஃபிளாட். குக்கர் டிக்கியில் இருந்தது. வான் ரீனன் கணவாய் தாண்டி மலை இறங்கும்போது காது அடைத்தது, இரண்டு தடவை எச்சில் விழுங்கினேன். ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்து பீன்ஸ் போட்டு, 36 அழுத்தி, கடலைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து திறந்தால் கரண்டியில் எடுக்க ஒரு முழு பீன்ஸ் இல்லை. ஆன்ட்டியின் தங்கை சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்தார், பார்த்துச் சிரித்தார். நானாகக் கண்டுபிடித்த எண் என்பதால் அதை யோசிக்கவே தோன்றவில்லை எனக்கு. கையேட்டின் 30-ஐயாவது சந்தேகப்பட்டிருப்பேன்.

சின்னக் குறைகள். உள்பாத்திரம் நான்ஸ்டிக். எங்கள் எவர்சில்வர் கரண்டிக்கு அது எட்டு மாதம்தான் தாங்கியது. மரக்கரண்டி என்று கையேட்டில் இருந்தது உண்மை, நம் வீட்டில் மரக்கரண்டியால் சாம்பார் கிண்டுவார்களா என்பதும் உண்மை. முடிந்தால் ஸ்டீல் பாத்திரம் உள்ளதாக வாங்குங்கள். தாளித்துவிட்டு அடி ஒட்டியதைச் சுரண்டாமல் மூடினால் 'பர்ன்' என்று காட்டி நின்றுவிடும். தண்ணீர் ஊற்றி ஒரு தடவை அடியைத் துழாவிவிட்டால் பிரச்சினையில்லை. கேஸ்கட் ரப்பரில் சாம்பார் வாசனை ஏறினால் இறங்கவே இறங்காது, ஒருநாள் பால் பாயசத்தில் பெருங்காயம் மணந்தது. 160 ரேண்டுக்கு இன்னொன்று வாங்கி, இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். வாங்கும் முன் கேஸ்கட் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள். ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்களுடையது இந்த மாதம் வாய் தளர்ந்துவிட்டது, ஓரத்தில் ஆவி கசிகிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. ஊர்க் குக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜில் இருந்த என் சீட்டை டர்பனிலிருந்து வந்த அன்றே என் மனைவி திருத்திவிட்டாள். 'பீன்ஸ் 36' என்பதற்கு முன்னால் 'மேலே' என்று எழுதி, கீழே இன்னொரு வரி: 'கீழே 30. ரெண்டுலயும் கிள்ளிப் பாக்கணும்.'